மீன்பிடித் தடைக்காலத்துல வரிசையா தோல்வி: ரசிகர் குழு உடையாம எப்படிக் காப்பாத்துறது?

தங்கச்சிமடம்_லெஃப்ட்விங் (12 ஜூன் 2025)

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவுல எங்க தெருவுல 40 பேர் இருக்கிற கால்பந்து ரசிகர் குழுவுக்காகக் கேக்குறேன். பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட், மீதி அர்செனல், அஞ்சாறு பேர் நம்ம இந்திய லீக்ல ஆடுற சென்னையின் எஃப்சி. ஊர் டீமுன்னா 40 பேரும் ஒண்ணு.

இந்தக் கோடை எல்லாரையும் சேர்த்துச் சாச்சிருச்சு. இங்கிலாந்து லீக்ல யுனைடெட் 42 பாயிண்டோட 15ஆவது இடம். மே 21 பில்பாவோவுல யூரோப்பா லீக் ஃபைனலும் டாட்டன்ஹாம்கிட்ட 0-1ன்னு போச்சு. அர்செனல் தொடர்ந்து மூணாவது வருசமா ரெண்டாவது இடம். சாம்பியன்ஸ் லீக் செமியில பாரிஸ் கிளப்கிட்ட ரெண்டு ஆட்டமும் தோல்வி. ஊர் டீம் ரெண்டு மின்னொளிப் போட்டியில செமிஃபைனல் வரைக்கும் வந்து, ரெண்டுலயும் பெனால்டி ஷூட்அவுட்ல (ஆட்டம் சமனானா ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேர் ஆளுக்கொரு உதை அடிக்கிறது) வெளிய வந்திருச்சு. முந்தாநாள் ஹாங்காங்ல இந்தியாவும் 94ஆவது நிமிசப் பெனால்டியில 0-1.

இப்ப நிலைமை இதுதான்: மேட்ச் முடிஞ்ச அஞ்சு நிமிசத்துல வாட்ஸ்அப் குரூப்ல சண்டை, 7 பேர் வெளியேறிட்டாங்க. ஊர் கீப்பர் மைதானத்துப் பக்கமே வர்றதில்ல. பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க தோத்த அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்துக்கிறாங்க. சிலர் பந்தயத்துல விட்ட காசை இந்தியா மேட்ச்ல எடுக்கப் பார்த்து அதையும் விட்டாங்க. 14ஆம் தேதி நள்ளிரவோட தடை முடியுது, படகுக்குப் போகணும். ஆனா விடிய விடிய முழிச்ச பழக்கம் போகல. "அடுத்த சீசன் பாத்துக்கலாம்"ங்கிற ஆறுதல் எல்லாம் கேட்டாச்சு. செய்யுற மாதிரி எதாவது சொல்லுங்க.

---

கீழக்கரை_ஸ்டாப்பர்

தம்பி, மொதல்ல ஒண்ணு கவனிங்க. ஐரோப்பா சீசன் முடியுறது ஏப்ரல், மே. நம்ம கடல்ல மீன்பிடித் தடை ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். ரெண்டும் ஒரே நேரத்துல வருது. டிசம்பர்ல தோத்தா விடிஞ்சதும் வலையும் படகும் ஆளை இழுத்துக்கும். மே மாசம் தோத்தா படகு கரையில கெடக்கு, கையில காசில்ல, நாள் முழுக்க போனைப் பாக்குறதுதான் வேலை. அதே கோல் அம்பது தடவை கண்ணுல படுது. உங்க பசங்களுக்கு வலி ஜாஸ்தியா இருக்கிறதுல பாதி இந்தத் தேதிக் கணக்குதான். அவங்க மனசுல பலமில்லைன்னு யாரும் பேச வேணாம்.

தோத்த ராத்திரிக்கு ஒரு முறை வச்சுக்கணும். ஃபைனல் விசில் அடிச்சதும் டிவியை அணைச்சிரணும். அதுக்கப்புறம் வர்ற விமர்சனப் பேச்சு, ரீப்ளே, எதிர் அணி கோப்பை தூக்குறது எதுவும் அன்னைக்கு வேணாம். குரூப் அட்மின் யாரோ, அவர் கடைசி விசிலுக்கு முன்னாடியே குரூப் பெயரைத் தொட்டு, பெர்மிஷன் பகுதிக்குள்ள போய், உறுப்பினர்கள் புதுச் செய்தி அனுப்புறதை நிறுத்தி வைக்கணும். அட்மின் மட்டும் எழுத முடியும். மறுநாள் மதியம் 12 மணிக்குத் திறந்து விடணும். ஜெயிச்ச நாளும் இதே விதி, அப்பத்தான் யாரையும் அடக்குற மாதிரி தெரியாது. இதுல வழக்கமாக் கெட்டுப் போறது ஒண்ணு இருக்கு. அட்மினே கோபத்துல ஒரு வரி எழுதிருவார், மத்தவங்களுக்குப் பதில் சொல்ல வழியிருக்காது, அடுத்த நிமிசம் வேற குரூப் முளைச்சிரும். அதனால யுனைடெட் ஆள் ஒருத்தர், அர்செனல் ஆள் ஒருத்தர்னு ரெண்டு அட்மின் வைங்க. பூட்டின நேரத்துல அவங்களும் எழுதக் கூடாது.

வெளியேறின 7 பேரை லிங்க் அனுப்பிக் கூப்பிடாதீங்க. நேர்ல போய், டீக்கடையில உக்காந்து, மேட்ச் பேச்சு எடுக்காம, "ஞாயித்துக்கிழமை 5 மணிக்குப் பந்து தட்டுறோம், வாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. ஆடுற எடத்துல சேந்தவன் குரூப்லயும் தானா வந்து சேருவான்.

கீப்பர் விசயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. யுனைடெட் கீப்பரைத் திட்டினா அது அவர் காதுக்குப் போகாது. ஊர் கீப்பர் நாளைக்கு அதே கரையில, ஒருவேளை அதே படகுல நிக்கிற பையன். "பரவாயில்ல விடு"ன்னு பத்துப் பேர் சொல்றதும் அவனுக்குப் பாரம்தான், ஏன்னா தப்பு அவனோடதுன்னு அந்தப் பத்துப் பேரும் ஒத்துக்கிட்டதா ஆயிடுது. ஒருத்தர் போனா போதும். அவன் கூட ஸ்டாப்பரா, அதாவது கோலுக்கு முன்னாடி தடுக்கிற ஆளா, ஆடுற பையன் போகட்டும். போய் ஒரு வேலை கேக்கட்டும்: "சின்னப் பசங்களுக்கு வாரம் ரெண்டு நாள் கேட்ச் பழக்கி விடு." மன்னிப்புப் பேச்சோ ஆறுதல் பேச்சோ வேணாம்.

அர்செனல் பசங்களுக்கு, இங்கிலாந்துக்கும் ஆடுற அவங்க புகாயோ சாகா கதை தெரியும். 2021 ஜூலை 11 யூரோ ஃபைனல்ல கடைசிப் பெனால்டியை விட்டப்ப அவருக்கு 19 வயசு. அவரையும், அதே ஷூட்அவுட்ல விட்ட ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இனவெறியோட திட்டித் தீத்தாங்க. 2024 யூரோ காலிறுதியில ஸ்விட்சர்லாந்தோட ஷூட்அவுட் வந்தப்ப அதே சாகா வந்து நின்னு அடிச்சார். இங்கிலாந்து அஞ்சும் உள்ள. மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. கொலம்பியாவோட ஆந்த்ரேஸ் எஸ்கோபார் 1994 உலகக் கோப்பையில அமெரிக்காவுக்கு எதிரா தெரியாம சொந்த கோல் போட்டார். பத்தே நாள்ல, ஜூலை 2, மெடெயின்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆட்டக்காரனைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் போடுற பழக்கம் குரூப்ல இருந்தா, அதை இப்பவே நிறுத்துங்க தம்பி. விளையாட்டுக்குன்னு விட்டுறாதீங்க.

---

தொண்டி_நோட்டு

கீழக்கரைக் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். தோல்வி ஏன் வந்தது என்று தெரியாதபோதுதான் ரசிகன் ஆளைத் தேடுகிறான். காரணம் எழுத்தில் இருந்தால் கோபம் பாதி குறையும். அதற்கு ஒரு நோட்டு போதும்.

முதலில் ஷூட்அவுட் கணக்கு. நல்ல தரத்து ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் தோராயமாக நாலில் மூன்று கோலாகும். ஒவ்வொருவருக்கும் 75 சதவீதம் வாய்ப்பு என்று வைத்து ஐந்து பேருக்கும் பெருக்கினால், ஐந்தும் கோலாக வாய்ப்பு 23.7 சதவீதம்தான். அதாவது, நன்றாக அடிக்கும் அணியிலும் யாரோ ஒருவர் தவறவிடுவதுதான் வழக்கம். சமபலமுள்ள இரண்டு அணிகள் என்றால், அடுத்தடுத்த இரண்டு ஷூட்அவுட்டிலும் தோற்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. உங்கள் ஊருக்கு நடந்தது அபூர்வமான சாபம் இல்லை. இதைக் குழுவில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் கணக்கு மட்டுமே காரணம் என்று விட்டுவிடவும் கூடாது. 2022 உலகக் கோப்பை காலிறுதியில் பிரேசிலுக்கு நடந்ததைப் பாருங்கள். 117ஆவது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்தது. ஷூட்அவுட்டில் பிரேசிலின் நட்சத்திரம் நெய்மாரை ஐந்தாவது ஆளாக வைத்திருந்தார்கள். ரோட்ரிகோவும் மார்க்கினோசும் தவறவிட்டதால் 2-4 என்று முடிந்து, நெய்மார் உதைக்கவே இல்லை. வரிசை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியது. மிக நம்பிக்கையான ஆளை ஐந்தாவதாக நிறுத்தினால் அவருக்கு முறை வராமலே போகலாம்.

நம் கடற்கரை மைதானத்தில் இன்னொரு சிக்கல் மணல். ஊன்றும் கால் புதைகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, பந்து பாருக்கு மேலே போகிறது. ஆளைத் திட்டிப் பயனில்லை. ஓட்டத்தை நாலைந்து எட்டாகக் குறைக்க வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி இறங்க வேண்டும். பெனால்டி இடத்தை இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தித் தரும்படி ஆட்டத்துக்கு முன்பே நடத்துபவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஏழு பேர் ஆட்டத்தில் தூரம் போட்டிக்குப் போட்டி மாறும். 11 மீட்டர் என்று நினைத்துப் பழகிவிட்டு அங்கே போய்த் தடுமாறாமல், போட்டி விதியைக் கேட்டு அளந்து பழகுங்கள். பயிற்சியும் காலைப் பொழுதின் புத்துணர்ச்சியோடு வேண்டாம். அரை மணி நேரம் ஓடிக் களைத்த பிறகு ஆளுக்கு 5 உதை.

இப்போது நோட்டு. ஊர் அணி ஆடும் ஆட்டங்களுக்கு இரண்டு பேர்: ஒருவர் பார்த்துச் சொல்வார், ஒருவர் எழுதுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அடுத்த தாக்குதலைத் தவறவிடுவார். மைதானத்தை நீளத்தில் 3, அகலத்தில் 3 என்று 9 கட்டமாகப் பிரித்து 1 முதல் 9 வரை எண் கொடுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நாலு விவரம்: எந்த நிமிடம், பந்து எந்தக் கட்டத்தில் பறிபோனது, கார்னர் அல்லது ஃப்ரீ கிக்கில் வந்ததா ஓடும் ஆட்டத்திலா, அப்போது நம் ஆட்கள் எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் இருந்தார்கள். ஆட்டக்காரர் பெயரை எழுதவே கூடாது. பெயர் ஏறிய அன்றே நோட்டு குற்றப் பத்திரிகையாகிவிடும், அடுத்த ஆட்டத்துக்கு யாரும் அதைத் தொட விடமாட்டார்கள். பத்து ஆட்டம் எழுதிய பிறகு படியுங்கள். மூன்று நாலு ஆட்டத்தை வைத்து முடிவெடுத்தால் தவறாகப் போகும்.

பல கோல்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் விழுவதாகத் தெரிந்தால், மாற்று ஆட்களையும் தண்ணீரையும் பாருங்கள். கோடையில் இரவு 9 மணிக்கும் நம் கரையில் புழுக்கம் அடங்காது, மணலில் ஓடினால் கால் சீக்கிரம் சோரும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் குமட்டும். இடைவேளையில் ஆளுக்கு ஒரு டம்ளர். இந்த வேலையை ரசிகர் குழு எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதியில் எதிர்க்காற்றில் கோல் வாங்குவதாகத் தெரிந்தால் டாஸ் சரியில்லை. இப்போது கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற காலம். டாஸ் வென்றவர் எந்த கோலைத் தாக்குவது என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையை எடுக்கலாம். 2019இல் வந்த விதி அது. காற்று பலமாக இருந்தால் முதல் உதைக்கு ஆசைப்பட வேண்டாம். பொழுது சாய்ந்ததும் காற்று தணிகிற மைதானம் என்றால் முதல் பாதியில் காற்றை முதுகில் வாங்குங்கள். இரவில் கூடுகிற மைதானம் என்றால் நேர்மாறு. இதற்கும் ஒரு வாரம் போய்ப் பார்த்து எழுதினால் போதும்.

பெரிய கிளப் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பில்பாவோ கோப்பையைத் தூக்கிய டாட்டன்ஹாம் லீக்கில் 38 புள்ளிகளோடு 17ஆவது இடம், யுனைடெட்டுக்கும் கீழே. ஒரே சீசன் அவர்களுக்கு இரண்டு சீசன்போல. சென்னையின் ரசிகர்களுக்கு இது புதிதில்லை. 2017-18இல் இந்திய லீக்கான ஐஎஸ்எல் சாம்பியன். அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த சீசனும் மோசமாகத் தொடங்கியது, நடுவில் பயிற்சியாளர் மாறி ஓவன் கொய்ல் வந்தார், அணி ஃபைனல் வரை போனது. 2020 மார்ச் 14 ஃபைனலில் கொல்கத்தா அணி ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது வலிதான். ஆனாலும் கடைசி இடத்திலிருந்து ஃபைனலுக்கு ஒரே வருடத்தில் வர முடிந்தது. பயிற்சியாளர் மாறினால் எல்லாம் மாறும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். யுனைடெட் பலமுறை மாற்றிப் பார்த்துவிட்டது.

---

மண்டபம்_நர்ஸ்அக்கா

தூக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி, அதுதான் அவசரம். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிற ஆளோட கவனம், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிற ஆளோட கவனம் மாதிரி தளந்திருக்கும். அந்த நிலைமையில சுக்கானையோ வலை இழுக்கிற வின்ச்சையோ தொடவே கூடாது.

இன்னைக்கே தொடங்குங்க. எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில 5 மணிக்கு எந்திரிச்சு, அரை மணி நேரம் வெளிச்சத்துல நடக்கணும். மதியம் 2 மணிக்கு மேல டீ, காப்பி வேணாம். டீயில இருக்கிற காஃபின்ல பாதி உடம்புலேருந்து இறங்கவே 5 மணி நேரம் போல ஆகும். பகல்ல கண்ணு சொக்கினா 20 நிமிசம், 3 மணிக்கு முன்னாடி, அலாரம் வச்சு. பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்கிட்டா ராத்திரி மறுபடியும் கெட்டுப் போகும். அங்கதான் நிறைய பேர் தோத்துப் போறாங்க. ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் உடம்பு பழைய நேரத்துக்குத் திரும்பும், ஒரு வாரம் ஒதுக்குங்க. 14ஆம் தேதி அமெரிக்காவுல கிளப் உலகக் கோப்பை தொடங்குது. அதுல யுனைடெட்டும் இல்ல, அர்செனலும் இல்ல. அதை விட்டுருங்க.

ஆகஸ்ட் 15 இங்கிலாந்து லீக் மறுபடி தொடங்குறதுக்குள்ள ஒரு அட்டவணை போட்டு மன்றச் சுவத்துல ஒட்டுங்க. அக்டோபர் 26 வரைக்கும் சனிக்கிழமை முக்கிய ஆட்டம் நம்ம நேரம் ராத்திரி 7.30க்கும், பிந்தினது 10க்கும். சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் 12.30க்கு. அதுக்கப்புறம் அங்க கடிகாரம் மாறும், எல்லாம் ஒரு மணி நேரம் பிந்தி வரும். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி. அப்ப செவ்வாய் ராத்திரி சாம்பியன்ஸ் லீக் பாத்தவன் புதன்கிழமை படகுல தூங்கி விழுவான். புதன் ராத்திரி ஆட்டம்னா, அன்னைக்கு ராத்திரி கரையில இருக்கிறவங்க, மறுநாள் கடல் இல்லைன்னா, தாராளமாப் பாக்கட்டும், ஆனா 8.30க்குப் படுத்து 12.15க்கு எந்திரிச்சு. செவ்வாய் ஆட்டத்தை மறுநாள் முழுசாப் போட்டுப் பாக்கலாம், போன்ல அறிவிப்பை எல்லாம் அணைச்சு வச்சிருந்தா முடிவு தெரியாது. நாட்டுப்படகுக்காரங்க அவங்கவங்க நாளைப் பாத்து மாத்தி எழுதிக்கணும்.

சின்னப் பசங்க. "வெறும் விளையாட்டுதானே, இதுக்கா அழுவ"ன்னு சொல்லாதீங்க. அந்தப் புள்ளைக்கு அது வெறும் விளையாட்டில்ல. பக்கத்துல உக்காருங்க, அழுது முடிக்கட்டும், பத்து நிமிசம் கழிச்சுத் தட்டுல சோறு வைங்க. அவனுக்குப் பிடிச்ச மீன் குழம்பு இருந்தா நல்லது. ராத்திரி போன் கையில வேணாம். காலையில பந்தைக் கையில குடுங்க. பெரியவங்க டிவி முன்னாடி கத்துறதையும் திட்டுறதையும் பாத்துத்தான் அவங்க கத்துக்கிறாங்கங்கிறதையும் மன்றத்துல சொல்லுங்க.

பெரியவங்களையும் பாக்கணும். 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில நடந்தப்ப, ஜெர்மனி ஆடின நாள்ல மியூனிக் பகுதியில மாரடைப்பு மாதிரியான இதய அவசரம் வழக்கத்தைவிட 2.66 மடங்கு கூடினதா மருத்துவர்கள் கணக்கெடுத்திருக்காங்க. ஸ்டென்ட் வச்சவங்க, நெஞ்சுவலி மாத்திரை சாப்புடுறவங்க ஷூட்அவுட் பாக்குறதா இருந்தா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுட்டு, தனியா இல்லாம ஆளோட உக்காரட்டும். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, வேர்வைன்னா மேட்ச் முடியட்டும்னு காத்திருக்காம உடனே 108. மேல ஒரு அண்ணன் சொன்ன உப்பு சர்க்கரைத் தண்ணி ஆடுற பசங்களுக்குச் சரி, பிரஷரும் சர்க்கரையும் உள்ளவங்க பழக்கத்துக்குக் குடிக்க வேணாம்.

பந்தயம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், அது ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மாசக் காசு. விட்டதை எடுக்கணும்னு அடுத்த மேட்ச்ல கட்டுறதுதான் குழி, ஏன்னா தோத்த ராத்திரி யாரும் தெளிவாக் கணக்குப் போட மாட்டாங்க. ஆப்பை அழிச்சா பத்தாது, மறுபடி ஏத்த ரெண்டு நிமிசம். போன்ல பணம் அனுப்புற தினசரி வரம்பை 500க்கு இறக்கி, ஏடிஎம் கார்டை வீட்டுல குடுத்துரணும். யாருக்கு எவ்வளவு கடன்னு ஒரே ஒரு நம்பிக்கையான ஆள்கிட்ட முழுசாச் சொல்லணும். பாதி மறைச்சுச் சொன்னா மறுபாதிதான் ஆளைத் தின்னும்.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, வேலைக்குப் போகப் பிடிக்கல, இல்ல "இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அது கால்பந்து மட்டும் இல்ல. 14416 கூப்பிடுங்க. அரசு மனநல உதவி எண், காசில்லாம, ராத்திரி பகல் எப்பவும், தமிழ்லயே பேசலாம். சாகுற பேச்சு வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே, ஆளைத் தனியா விடாம.

---

தங்கச்சிமடம்_லெஃப்ட்விங்

காக்கா, அண்ணே, அக்கா, மூணு பேருக்கும் நன்றி. அட்டவணையை நாளைக்கே எழுதி ஒட்டிடுறோம். ரெண்டு சந்தேகம். கீப்பர் பழக்கி விட ஒத்துக்கிட்டா கூட ஷூட்அவுட்ல நிக்க மாட்டேன்னு சொன்னா என்ன செய்ய? நோட்டு எழுத யாரைப் போடலாம்?

---

கீழக்கரை_ஸ்டாப்பர்

நிக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க தம்பி. பழக்கத்துல அவனைக் கீப்பரா நிறுத்தாம, உதைக்கிற ஆளா மாத்துங்க. சின்னப் பசங்க கீப்பரா நிக்கட்டும், அவன் ஆளுக்கு ரெண்டு உதை அடிக்கட்டும். உதைக்கிறவனுக்கு எவ்வளவு பயம்னு காலால தெரிஞ்சா, கோல்ல நிக்கும்போது அவனுக்கு அது உதவும். பந்தை உதைக்கிற நொடியில ஒரு காலோட ஏதாவது ஒரு பகுதி கோட்டு மேல இருந்தா போதும், மத்தக் காலை முன்னாடி வைக்கலாம்ங்கிற விதியைச் சொல்லிக் குடுங்க. ரெண்டு காலும் கோட்டுல ஒட்டியிருக்கணும்னு நினைச்சே நிறைய பசங்க தாவ முடியாம நிக்கிறாங்க. ஒரு மாசம் கழிச்சும் வேணாம்னா விட்டுருங்க, இன்னொரு பையனை அவனே தயார் பண்ணட்டும்.

---

தொண்டி_நோட்டு

எழுதுவதற்குக் குரூப்பில் அதிகம் சண்டை போடுகிற ஒருவரையும், வெளியேறிய ஏழு பேரில் ஒருவரையும் போடுங்கள். சத்தம் போடுபவர் ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்ப்பவராகத்தான் இருப்பார். கட்டம் போட்ட 80 பக்க நோட்டு, பென்சில் இரண்டு. பேனா வேண்டாம், உப்புக்காற்று ஈரத்தில் மை ஊறிவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆட்டம். முதல் பக்கத்தில் 9 கட்டத்தின் படத்தை வரைந்து வைத்தால் யார் எழுதினாலும் ஒரே எண் வரும்.